நாய்க்கும் ஒரு ‘வேண்டாம்’ உண்டு

வீட்டு நாய் எதையாவது கண்டு மிரண்டால் நம் வீடுகளில் இரண்டு குரல்கள் எழும். “பழகினா தானா சரியாயிடும்” என்பது ஒன்று. “பாவம், அதைத் தொந்தரவு பண்ணாதீங்க” என்பது இன்னொன்று. முதல் குரலுக்குரியவர், நடுங்கும் நாயைச் செயினோடு இழுத்துக்கொண்டு போய்ப் பட்டாசு வெடிக்கும் இடத்திலேயே நிற்பார். இரண்டாம் குரலுக்குரியவர், விருந்தாளி வந்தால் அறைக்குள் பூட்டுவார். தெருவில் தொல்லை என்று மொட்டை மாடியோடு அதன் உலகத்தை முடித்துவிடுவார். இருவருக்குமே நாயின் மேல் பிரியம் உண்டு, அதில் சந்தேகமில்லை. இருவரும் கேட்டுக்கொள்ளும் கேள்வியும் ஒன்றுதான்: நாய்க்கு எவ்வளவு மன அழுத்தம் கொடுக்கலாம்? ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால், கேள்வியையே மாற்ற வேண்டும் என்று தோன்றுகிறது. அழுத்தம் வரும் நேரத்தில் நாயால் ஏதாவது செய்ய முடிகிறதா? விலகிப் போக, ஒளிந்துகொள்ள, நம்மிடம் ஓடி வர, முயன்று ஜெயிக்க அதற்கு ஒரு வழி இருந்தால் அந்தச் சிரமமே நாயை உறுதியாக்கும். வழியே இல்லையென்றால் சின்னச் சிரமமும் அதை நொறுக்கிவிடும். இந்தக் கட்டுரையின் வாதம் இவ்வளவுதான். ஆனால் இதை ஏற்றுக்கொண்டால் நம் ஃபிளாட்களில் நாய் வளர்க்கும் முறையில் பாதியை மாற்ற வேண்டியிருக்கும்.

அழுத்தம் என்றாலே கெடுதல் என்று எண்ணிவிடக் கூடாது. 1936-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஒரு சிறு கட்டுரையின் மூலம் இந்தத் துறைக்கே வாசல் திறந்த ஹான்ஸ் செலியே, நன்மை செய்யும் அழுத்தம் வேறு, தீமை செய்யும் அழுத்தம் வேறு என்று பின்னாளில் பிரித்துச் சொன்னார். பந்தைத் துரத்தும் நாய்க்கும் இதயம் படபடக்கிறது, இடிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் பதுங்கும் நாய்க்கும் படபடக்கிறது. அட்ரினல் சுரப்பி இரண்டு நேரத்திலும் வேலை செய்கிறது. பார்க்க வேண்டியது, ஏறியது எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதை. அமெரிக்காவில் 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், இடிக்குப் பயப்படும் 19 நாய்களுக்கு இடியோசைப் பதிவை ஒலிக்கவிட்டு, அவற்றின் உமிழ்நீரில் இருந்த கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். அளவு 207 சதவீதம் ஏறியது. 40 நிமிடம் கழித்துப் பார்த்தபோதும் பழைய நிலைக்கு வரவில்லை. வேறு நாய்களோடு சேர்ந்து வாழும் நாய்களுக்கு மட்டும் ஏற்றம் குறைவாகவும் இறக்கம் வேகமாகவும் இருந்தது. மீள்திறன் என்று இங்கே சொல்வது இந்த இறக்கத்தைத்தான். பயமே அறியாத நாய் என்று ஒன்று இல்லை. பயந்த பிறகு சீக்கிரம் தெளிகிற நாய் உண்டு.

சென்னையிலோ கோவையிலோ நான்காவது மாடியில் வாழும் நாயின் ஒரு நாளை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். காலை ஆறு மணிக்கு லிஃப்டுக்குள் முன்பின் தெரியாதவரின் காலோடு ஒட்டி நிற்க வேண்டும். கேட்டைத் தாண்டினால் தெரு நாய்கள் குரைத்துக்கொண்டு சூழும். செயினில் இருக்கும் நாயால் ஓடவும் முடியாது, வளைந்து போய் முகர்ந்து சமாதானம் பேசவும் முடியாது. வீட்டுக்கு வந்தால் குக்கர் விசில், மிக்ஸி, காலிங் பெல், சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவரும் புது முகம், மேல் வீட்டில் டைல்ஸ் அறுக்கும் சத்தம். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பெரிதில்லை. ஒன்று இறங்குவதற்குள் அடுத்தது ஏறிவிடுகிறது என்பதுதான் ஆபத்து. சாயங்காலம் பக்கத்து வீட்டுக் குழந்தை ஆசையாகக் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது நாய் பல்லைக் காட்டுகிறது. “ஒரு காரணமும் இல்லாம திடீர்னு கடிக்க வந்துச்சு” என்று வீடு பதறுகிறது. காரணம் காலையிலிருந்தே சேர்ந்துகொண்டிருந்தது. நாய் அதைப் பலமுறை சொல்லியும் இருக்கும். தூக்கம் வராதபோது கொட்டாவி விட்டிருக்கும். சாப்பிட எதுவுமில்லாதபோது உதட்டை நக்கியிருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்திருக்கும். முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி தயங்கி நின்றிருக்கும். இவற்றையெல்லாம் நாம் கவனிக்காதபோதுதான் உறுமல் வருகிறது. உறுமல் என்பது நாய் உரக்கச் சொல்லும் ‘வேண்டாம்’. அதற்கு ஓர் அடி போட்டால் பயம் போகாது, எச்சரிக்கை மட்டும் போய்விடும். பிறகு உறுமாமலே கடிக்கும். ரேபிஸ் இன்னும் உயிர்களை வாங்கிக்கொண்டிருக்கும் நாட்டில் அது சாதாரண விஷயமில்லை.

அந்த ‘வேண்டாம்’ எடுபடுவதும் எடுபடாமல் போவதும் ஒரு நாயை எந்த அளவுக்கு மாற்றும் என்பதற்கான சான்று, படிக்கவே மனம் கூசும் ஒரு சோதனையில் இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வார்ப்பட்டையில் மாட்டி மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். 1967-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவு நாய்கள் தலைக்குப் பக்கத்தில் இருந்த பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். இன்னொரு பிரிவுக்கும் அதே அளவு அதிர்ச்சி, அதே நேரம். ஆனால் எதைச் செய்தாலும் நிற்காது. அடுத்து எல்லா நாய்களையும் நடுவில் தாழ்வான தடுப்பு வைத்த பெட்டிக்குள் விட்டார்கள். தாண்டிக் குதித்தால் தப்பிவிடலாம். பலகையை அழுத்தித் தப்பிப் பழகியவை குதித்தன. மற்ற பிரிவில் பெரும்பாலானவை முயலாமல் அப்படியே வலியைத் தாங்கிக் கிடந்தன. இரண்டு பிரிவும் பட்ட வலி ஒன்றுதான். தான் செய்ததற்குப் பலன் கிடைத்ததா, இல்லையா என்பது மட்டுமே வேறு. அந்த நாய்களுக்குச் செய்ததை என்னால் நியாயப்படுத்த முடியாது. அவை பட்ட பாட்டிலிருந்து தெரிந்துகொண்டதை நம் நாய்களுக்காவது பயன்படுத்த வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

‘கற்றுக்கொண்ட இயலாமை’ என்ற பெயரில் இந்தச் சோதனை உலகப் புகழ் பெற்றுவிட்டது. ஆனால் பெரும்பாலும் பாதிக் கதையைத்தான் சொல்வார்கள். அதே ஆய்வில் வேறு சில நாய்களுக்கு முதலில் தப்பிக்க முடிந்த அனுபவத்தைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே தப்பிக்க முடியாத அதிர்ச்சியைக் கொடுத்தார்கள். அவை மனம் தளரவில்லை. கடைசிக் கட்டத்தில் தடுப்பைத் தாண்டின. முன்பு ஒருமுறை ஜெயித்த அனுபவம் தடுப்பூசி போலக் காத்தது. கதையின் இன்னொரு திருப்பம் வர ஐம்பது ஆண்டு ஆயிற்று. எலிகளின் மூளையில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் எழுதிய மையரும் செலிக்மனும், தங்கள் பழைய விளக்கம் தலைகீழானது என்று தாங்களே ஒப்புக்கொண்டார்கள். துன்பம் நீளும்போது ஒடுங்கிப்போவது மூளையின் இயல்பான எதிர்வினை; அதைக் கற்க வேண்டியதே இல்லை. கற்க வேண்டியது, ‘என்னால் இதை மாற்ற முடியும்’ என்பதை. அதைக் கற்ற மூளையின் முன்பகுதி, அடிமூளையில் அடிக்கும் அபாய மணியை அடக்குகிறது. எந்நேரமும் பொத்திப் பொத்தி வைத்த நாய்க்கு இந்தப் பாடம் கிடைப்பதே இல்லை. இழுத்துப்போய் நிறுத்திய நாய்க்கோ எதிர்ப்பாடம் கிடைக்கிறது.

கொடுமை கலக்காத ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்களைத் தயார் செய்யும் ‘தி சீயிங் ஐ’ என்ற நிறுவனம் இருக்கிறது. அங்கே 23 தாய் நாய்களையும் அவற்றின் 98 குட்டிகளையும் எமிலி பிரேயும் சக ஆய்வாளர்களும் பின்தொடர்ந்து 2017-இல் எழுதினார்கள். குட்டிகளை ஓயாமல் நக்கிக்கொண்டும் பக்கத்திலேயே கிடந்துகொண்டும் இருந்த தாய்களின் குட்டிகள், பிற்காலத்தில் பயிற்சியில் அதிகம் தோற்றன. படுத்தபடி பால் கொடுத்தால் குட்டிக்கு எந்தச் சிரமமும் இல்லை. தாய் எழுந்து நின்றோ உட்கார்ந்தோ கொடுத்தால் குட்டி எக்கி முட்டித்தான் குடிக்க வேண்டும். அப்படி முட்டிக் குடித்த குட்டிகள்தான் அதிகம் தேறின. தாயின் குணம் ரத்தத்திலேயே இறங்கியிருக்கலாம் என்பதால் பால் குடித்த விதம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் காட்சி தெளிவானது: எக்கினால் எட்டுகிற தூரம், எட்டினால் கிடைக்கிற பால், கூடவே தாய். ஸ்வீடனில் பீகிள் நாய்களைக் கொண்டு நடத்தி 2014-இல் வெளியான ஆய்வும் இதனோடு சேர்வது. சிறு கருவியை இயக்கித் தானே பரிசை வென்ற நாய்கள், அதே பரிசு சும்மா கிடைத்த நாய்களைவிட அதிகமாக வாலாட்டின. சோதனை அறைக்குப் போகவும் அதிக ஆவல் காட்டின. கிண்ணத்தில் கொட்டிவைக்கும் சோற்றில் ஒரு பங்கைப் பழைய துணிக்குள் சுருட்டிவைத்துத் தேடி எடுக்கவிடுவது விளையாட்டு மட்டுமல்ல. மனத்துக்கான உடற்பயிற்சியும் அதுதான்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். “எங்க தாத்தா காலத்துல திண்ணையில கிடந்த நாய்க்கு இதெல்லாம் யார் பாத்தது? அது நல்லாத்தானே இருந்துச்சு?” உண்மைதான். ஆனால் அந்த நாயிடம் இருந்தது என்ன என்று யோசித்துப் பார்க்க வேண்டும். வெடி வெடித்தால் வைக்கோற்போருக்குப் பின்னால் ஓடும். பிடிக்காத நாயைக் கண்டால் சுற்றிப் போகும். குழந்தை வாலை இழுத்தால் எழுந்து வேறு நிழலுக்குப் போகும். வசதி ஒன்றுமில்லை, நோய்க்கும் பசிக்கும் பாதுகாப்புமில்லை. அந்த வாழ்க்கையைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. ஆனால் நாள் முழுக்க அது எடுத்த முடிவுகள் அதனுடையவை. இன்றைய வீட்டு நாய்க்குத் தடுப்பூசி உண்டு, மெத்தை உண்டு, ஏ.சி. அறைகூட உண்டு. ஆனால் எப்போது சிறுநீர் கழிக்கலாம் என்பதுகூட அதன் கையில் இல்லை. ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கோம்பையையும் பெருமைக்கு வாங்கி வந்து கேட்டுக்குப் பக்கத்தில் நாளெல்லாம் கட்டிப்போடுகிறோம். வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்தெடுத்த இனங்கள் அவை. ஓடுவதற்காகவே பிறந்த உடம்புக்கு நான்கடிச் சங்கிலியைவிடப் பெரிய அழுத்தம் எதுவும் இருக்க முடியாது. அப்படிக் கட்டிப்போட்ட நாய் போகிறவர் வருகிறவர் மேலெல்லாம் பாய்ந்தால் அதை வீரம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

“அடியாத மாடு படியாது” என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். போர்ச்சுகலில் ஏழு பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 வீட்டு நாய்களை ஒப்பிட்டு 2020-இல் ஓர் ஆய்வு வெளியானது. மூன்று பள்ளிகள் பரிசு கொடுத்துப் பழக்குபவை. நான்கு, செயினைச் சுண்டி இழுப்பது, அதட்டுவது போன்ற தண்டனைகளைக் கையாள்பவை. தண்டித்துப் பழக்கிய நாய்களிடம் பயிற்சி நேரத்தில் அழுத்தத்தின் அறிகுறிகள் அதிகம் தெரிந்தன. பயிற்சிக்குப் பின் கார்டிசாலும் அதிகம் ஏறியிருந்தது. அதிகம் தண்டனை பெற்றவை, பயிற்சிக்கு வெளியே வைத்த சோதனையிலும் நல்லதை எதிர்பார்க்கும் மனம் குறைந்து காணப்பட்டன. அடி வாங்கிய நாய் அடங்குகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அந்த அடக்கத்துக்கும், மின்னதிர்ச்சிப் பெட்டியில் படுத்துக் கிடந்த நாயின் அமைதிக்கும் என்ன வித்தியாசம் என்றுதான் கேட்கிறேன். நாயை அதன் போக்கில் விட்டுவிடச் சொல்லவும் இல்லை. தெருவில் செயின் கட்டாயம், சாப்பாட்டு மேசையில் ஏறக் கூடாது, வாசல் திறந்தால் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். ஒழுங்கு தெரிந்த நாய்க்கு அடுத்து என்ன நடக்கும் என்பது தெரியும். அது தெரிவதே பாதி நிம்மதி. எந்த விதியையும் சோறு, விளையாட்டு, பாராட்டு கொண்டே சொல்லிக்கொடுக்கலாம்.

தீபாவளிக்கு வருவோம். பின்லாந்தில் ஏறத்தாழ 13,700 நாய்களைப் பற்றிச் சேகரித்த தகவல்களின்படி, மூன்றில் ஒன்றுக்குச் சத்தம் என்றால் பயம். இங்கே 2018-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றக் கட்டுப்பாடுகளுக்குப் பிறகு, காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று வெடி வெடிக்கத் தமிழ்நாடு அரசு நேரம் ஒதுக்கிவருகிறது. நடைமுறையில் முந்தின நாளே சரவெடி தொடங்கிவிடுகிறது. அப்போது நடுங்கும் நாயைத் தேற்றினால் பயத்துக்குப் பரிசு கொடுப்பதாகும், கண்டுகொள்ளக் கூடாது என்று பலர் சொல்வார்கள். பயம் என்பது வித்தை அல்ல, பரிசு கொடுத்து வளர்ப்பதற்கு, அது உணர்ச்சி. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபனி ரீமர் 1,225 நாய்களின் வெடிப் பயத்தை ஆராய்ந்தவர். ஒவ்வொரு சத்தத்துக்குப் பிறகும் பிடித்த தின்பண்டமோ விளையாட்டோ கொடுத்துவந்தவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பலன் தெரிந்ததாக அவரிடம் தெரிவித்தார்கள். உரிமையாளர்கள் சொன்னதுதான் என்றாலும் செலவோ தீங்கோ இல்லாத வழி. அதைவிட முக்கியம் ஒளிய ஓர் இடம். ஜன்னல் இல்லாத அறை, கட்டிலுக்கடி, பீரோவுக்குப் பின்சந்து, பாத்ரூம் மூலை என எதை நாய் தேர்ந்தெடுக்கிறதோ, அங்கே ஒரு பழைய போர்வையைப் போட்டுக் கதவைத் திறந்தே வையுங்கள். வெளியே இழுக்காதீர்கள். கடுமையாகப் பயப்படும் நாய்க்கு மருந்து தேவைப்படலாம். அதைக் கால்நடை மருத்துவரிடம் சில வாரம் முன்பே பேச வேண்டும். அசெப்ரோமசின் போன்ற மயக்க மருந்தைத் தனியாகக் கொடுத்தால் உடம்பு சோர்ந்து கிடக்கும், உள்ளே பயம் அப்படியே இருக்கும் என்று நாய் நடத்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். ஓடவும் முடியாமல், ஒளியவும் முடியாமல் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு கிடக்கும் நிலை அது. பயத்துக்கென்றே உள்ள மருந்துகளைக் கேட்டு வாங்குங்கள்.

இதற்கெல்லாம் அடித்தளம் குட்டிப் பருவத்தில் விழுகிறது. அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் பல ஆண்டுகள் நடத்திய ஆராய்ச்சி, ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குட்டியின் மனம் உலகத்துக்குத் திறந்திருக்கிறது என்று காட்டியது. 14 வாரம் வரை மனிதத் தொடர்பே இல்லாமல் வளர்த்த குட்டிகள் பிறகு மனிதரோடு ஒட்டவே முடியாமல் தவித்தன. தடுப்பூசி முடியும்வரை குட்டியை வெளியே எடுக்காதீர்கள் என்ற அறிவுரையோடு இது மோதுகிறது. பார்வோ வைரஸ் குட்டிகளைக் கொல்லும் ஊரில் அந்த எச்சரிக்கையைத் தள்ள முடியாது, தள்ளவும் வேண்டியதில்லை. தரையில் விடாமல் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவைக் காட்டலாம். தடுப்பூசி போட்ட நாய் இருக்கும் நண்பர் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். குடை, ஹெல்மெட், தாடி, துடைப்பம், ஆட்டோ ஹாரன் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து அறிமுகப்படுத்தலாம். குட்டி தானாக நெருங்கினால் நெருங்கட்டும். பின்வாங்கினால் நாமும் ஓரடி பின்வாங்க வேண்டும். எத்தனை பேர் தூக்கிக் கொஞ்சினார்கள் என்பது கணக்கல்ல. கைக்குக் கை மாறி மூச்சுத் திணறிய குட்டிக்குக் கிடைத்தது பழக்கம் அல்ல, பயம்.

நாய்க்கு ஒரு வழி கொடுப்பதால் மட்டுமே எல்லாவற்றையும் சரிசெய்துவிட முடியாது. பயந்த சுபாவம் ஓரளவுக்குப் பிறவியிலேயே வருவது. இரட்டை ரோமப் போர்வையோடு பனிப்பிரதேசத்துக்காக உருவான ஹஸ்கியை வாங்கிவந்து மே மாதச் சென்னையைத் தாங்கப் பழக்குவது மீள்திறன் பயிற்சி ஆகாது. வயது வந்த நாய் புதிதாகச் சத்தத்துக்குப் பயந்தால், மூட்டு வலியோ வேறு நோவோ இருக்கிறதா என்று முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டு மனிதர்களின் மனநிலைக்கும் இதில் பங்குண்டு. ஸ்வீடனில் 58 நாய்களின் ரோமத்தையும் அவற்றின் உரிமையாளர்களின் தலைமுடியையும் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். மாதக்கணக்கில் சேர்ந்த கார்டிசால் இருவரிடமும் ஒத்துப்போனது.

நேரமில்லை என்பது பலருக்கும் உண்மையான குறை. ஆனால் இதற்குக் கூடுதல் நேரம் அதிகம் வேண்டாம், இருக்கும் நேரத்தை நாயிடம் கொஞ்சம் கொடுத்தால் போதும். இரண்டு வாரம் தினமும் மோப்பம் பிடித்துத் தேடும் விளையாட்டு ஆடிய வீட்டு நாய்கள், அதே நேரத்தைக் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சியில் கழித்த நாய்களைவிட, நல்லதை எதிர்பார்க்கும் மனத்தோடு இருந்ததாக 2019-இல் ஓர் ஆய்வு வெளியானது. நம் வாக்கிங்கில் பெரும்பகுதி இழுப்பதிலேயே போகிறது. ஒரு மின்கம்பத்தருகே நாய் நின்றால் “வா, வா” என்று செயினைச் சுண்டுகிறோம். இன்று மாலை வெளியே போகும்போது அப்படிச் செய்யாதீர்கள். செயினைத் தளர்த்திப் பிடித்து, போனைப் பைக்குள் வைத்துவிட்டு, முதல் பத்து நிமிடம் எந்தப் பக்கம் போவது, எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் முகர்வது என்பதை அதனிடமே விடுங்கள். எதிரே வரும் நாயைக் கண்டு அது தயங்கினால் நீங்களும் சேர்ந்து சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுங்கள்.